ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாச்சு... வீட்டுக்கு வந்த பிறகு பார்ப்பது யாரு?

படுக்கையில் கிடப்பவரை எழுப்பி நடக்க வைக்க ஆள் இல்லை. திண்டாடும் கூலித் தொழிலாளர் குடும்பங்கள்

தென்காசி,

பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்தவர். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஆச்சி. தென்னை மரத்தில் இருந்தோ, கட்டிட சாரத்தில் இருந்தோ விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட தொழிலாளி. இவர்களை தூக்கிச் செல்ல 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. உயிரைக் காப்பாற்ற அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆபரேஷன் செலவுக்கு காப்பீட்டு அட்டை இருக்கிறது.

ஆனால் "டிஸ்சார்ஜ்" சீட்டை கையில் வாங்கி, வேனில் ஏற்றி, வீட்டு கட்டிலில் படுக்க வைத்தாச்சே... மறுநாள் காலையில் இருந்து அவரை புரட்டிப் படுக்க வைப்பது யார்? குளிப்பாட்டுவது யார்? எழுப்பி நடக்க பழக்குவது யார்? இந்த கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் குடும்பங்கள் திண்டாடுகின்றன.

வசதி உள்ளவர்கள் ஆள் வைத்துக் கொள்கிறார்கள். பீடி சுற்றியும், சித்தாள் வேலைக்கு போயும் பிழைக்கும் வீடுகளில் என்ன நடக்கிறது? அந்த வீட்டு மனைவியோ, மகளோ, மருமகளோ வேலையை விட்டுவிட்டு கட்டில் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். ஒருவர் படுத்தால் 2 பேர் சம்பாத்தியம் போச்சு. சில வீடுகளில் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து போகிறது.

முதல் 3 மாதம் முக்கியம்

பக்கவாதம் வந்தவருக்கு இழந்த அசைவு திரும்பி வருவது முதல் 3 மாதத்தில்தான் வேகமாக நடக்கும். அதற்கு பிறகும் முன்னேற்றம் உண்டு. ஆனால் வேகம் குறைந்துவிடும். அதனால்தான் "ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுங்க" என்று டாக்டர்கள் தலைபாடாக அடித்துக் கொள்கிறார்கள்.

இடுப்பு எலும்பு முறிவும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னபடி சீக்கிரமே எழுந்து நிற்க வைத்து, வாக்கர் பிடித்து நடக்க வைக்கணும். "பாவம், வலிக்கும், படுத்தே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டால் சதை கரைந்து, மூட்டு இறுகி, பயம் வந்து, அந்த ஆச்சி கடைசி வரைக்கும் படுக்கைதான்.

பெரும்பாலான வீடுகளில் இந்த முக்கியமான காலம் சும்மா கழிந்து விடுகிறது. ஆஸ்பத்திரியில் 2 நாள் பிசியோதெரபி பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. ஆட்டோ பிடித்து தினமும் பயிற்சிக்கு கூட்டிப்போக காசு கிடையாது. ஒரு வாரம் போகும், அப்புறம் நின்றுவிடும்.

தெரியாமல் நடக்கும் தப்புகள்

படுக்கையில் கிடப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பு, குதிகால், பிட்டம் பக்கம் புண் வந்துவிடும். முதலில் தோல் சிவந்து போகும். அதை கவனிக்காமல் விட்டால் குழியாக ஆழமாகிவிடும். அது ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும். விஷம் ஏறி உயிரே போவதும் உண்டு. "ஏர் பெட் வாங்கி போட்டாச்சே, இனி புரட்ட வேண்டாம்" என்று நினைப்பது தப்பு. ஏர் பெட் உதவி செய்யும். புரட்டுவதை அது செய்யாது.

வாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து தூக்குவார்கள். அதில் தோள் மூட்டு நழுவி, வலி பிடித்துக் கொள்ளும். அப்புறம் பயிற்சிக்கே கையை கொடுக்க மாட்டார். தூக்கும்போது கையைப் பிடிக்காமல் முதுகுக்கும் இடுப்புக்கும் அணைவு கொடுத்து தூக்க வேண்டும்.

படுத்த நிலையிலேயே கஞ்சி ஊற்றுவது அடுத்த ஆபத்து. பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி குறைந்து போயிருக்கலாம். கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிடும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக கொடுக்கணும். இருமினாலோ, குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்தணும். மூக்கில் டியூப் போட்டிருந்தால் அதற்கு தனி முறை இருக்கிறது. அதை நர்சிடம் கற்றுக் கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும்.

யூரின் டியூப் போட்டவருக்கு பையை கட்டிலுக்கு மேலே தொங்க விடக்கூடாது. சிறுநீர்ப்பை மட்டத்துக்கு கீழேதான் இருக்கணும். குறித்த நாளில் டியூப்பை மாற்றியாகணும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இப்பதான் நல்லா இருக்காரே" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறார்கள் பாருங்க, அதுதான் இரண்டாவது தடவை வாதம் வருவதற்கு வாசலை திறந்து விடுவது.

இதில் ஒன்றுகூட பெரிய வித்தை கிடையாது. அரை நாள் உட்கார வைத்து சொல்லிக் கொடுத்தால் எட்டாம் வகுப்பு படித்தவர்கூட செய்துவிடுவார். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அரசு திட்டம் எதுவரை வருகிறது?

"அதான் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்த திட்டத்தை தொடங்கி வைத்தார். வீடு தேடி சர்க்கரை, பிரஷர் மாத்திரை, படுத்த படுக்கையாக கிடப்பவர்களுக்கு நோய் தணிப்பு சிகிச்சை, பிசியோதெரபி, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கு பைகள் என்று வகுக்கப்பட்ட திட்டம் இது. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் 1 கோடியாவது பயனாளிக்கு மருந்து பெட்டகம் கொடுக்கப்பட்டது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. வீட்டு வாசலில் பிரஷர் மாத்திரை கிடைப்பது ஏழைக்கு பெரிய விஷயம். அதை குறை சொல்ல முடியாது.

ஆனால் மாத்திரை கொடுப்பது வேறு, நடக்க வைப்பது வேறு. மாத்திரையை மாதம் ஒரு தடவை கொடுத்தால் போதும். நடைபயிற்சியை மாதம் ஒரு தடவை கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

இந்த திட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோய் தணிப்பு நர்ஸ் என்ற கணக்கில்தான் ஆட்கள். தென்காசி மாவட்டத்தில் 10 ஒன்றியங்கள். ஒரு கணக்கு போட்டு பார்ப்போம்.

ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளைக்கு 8 வீடு போகிறார் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 200 தடவை. வாதம் வந்த ஒருவருக்கு வாரம் 3 தடவை என்றால் மாதம் 12 தடவை போகணும். அப்படி பார்த்தால் ஒரு ஒன்றியத்துக்கே 16 பேரைத்தான் உருப்படியாக கவனிக்க முடியும். குருவிகுளம், மேலநீலிதநல்லூர் மாதிரி ஊருக்கு ஊர் தூரமாக கிடக்கும் ஒன்றியங்களில் 8 வீடு போவதே பெரும்பாடு. பட்டியலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு எத்தனை நாள் கழித்து முறை வரும் என்பதை நீங்களே கணக்கு பார்த்துக் கொள்ளலாம்.

அது அந்த ஊழியரின் குற்றம் இல்லை. கணக்கின் குற்றம். எத்தனை வீட்டுக்கு போனோம், எத்தனை பேரை பார்த்தோம் என்பதே அறிவிப்புகளில் வருகிறது. எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள், எத்தனை பேருக்கு படுக்கைப் புண் வராமல் தடுத்தோம், எத்தனை பேர் திரும்ப வேலைக்கு போனார்கள் என்ற கணக்கும் சேர்ந்து வந்தால்தான் தரம் தெரியும்.

"ஹோம் நர்ஸ்" என்ற பெயரில்...

இன்னொரு பக்கம் "ஹோம் நர்ஸ் அனுப்பப்படும்" என்று மின்கம்பத்திலும், பஸ் நிலைய சுவரிலும் நோட்டீஸ். போன் போட்டால் ஆள் வரும். வருபவர் நர்சிங் படித்தவரா, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவரா, நேற்றுவரை வீட்டு வேலை பார்த்தவரா என்று கேட்க ஆள் இல்லை. அவர் ஊசி போடலாமா, டியூப் மாற்றலாமா என்ற வரைமுறை வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது.

ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்று வைத்தால் மாதம் 24 ஆயிரம். இதில் ஏஜென்சி கமிஷன் தனி. நாள் முழுக்க பீடி சுற்றும் அம்மாவின் கூலியை வைத்து இந்த பக்கம் தலைவைத்துகூட படுக்க முடியாது.

வேலைக்கு வரும் பெண்களின் நிலைமையும் பாவம்தான். 24 மணி நேர வேலை என்பார்கள். ராத்திரி நோயாளி கட்டில் பக்கத்தில் தரையில் படுக்கை. வார லீவு கிடையாது. பயிற்சி கொடுக்காமலே அனுப்பிவிட்டு, ஏதாவது தப்பு நடந்தால் பழி அந்த பெண் தலையில்தான் விழும். ஏஜென்சிக்காரர் போனை எடுக்க மாட்டார். அந்த பெண்ணும் ஒரு கூலித் தொழிலாளிதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

இதற்கு சட்டம் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. மூத்த குடிமக்களுக்கு வீட்டு பராமரிப்பு சேவை கொடுக்கும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்ச தரம் வகுக்க வேண்டும் என்று 2007-ம் ஆண்டு பெற்றோர்-மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்தை திருத்த 2019 டிசம்பரில் பாராளுமன்றத்தில் மசோதா தாக்கல் ஆனது. நிலைக்குழுவுக்கும் போனது. நிறைவேறவே இல்லை. 2024-ல் மக்களவையின் காலம் முடிந்ததும் அதுவும் காலாவதி ஆகிவிட்டது. டீக்கடைக்கு லைசென்ஸ் கேட்கும் ஊரில், உயிரை கையில் பிடித்திருக்கும் நோயாளி வீட்டுக்குள் ஆள் அனுப்புவதற்கு அப்படி ஒரு கண்டிப்பு வராமலே போச்சு.

புளியரை தாண்டினால்...

நம்ம புளியரை செக்போஸ்டை தாண்டினால் கேரளா. அங்கே 1993-ல் கோழிக்கோட்டில் சின்னதாக தொடங்கியது நோய் தணிப்பு சேவை. அப்புறம் மலப்புரம் பக்கம் ஊர்க்காரர்களே தொண்டர்களாக சேர்ந்து, ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு, படுக்கையில் கிடப்பவர்களை முறைவைத்து பார்க்க ஆரம்பித்தார்கள். 2008-ல் அரசே தனி கொள்கை வெளியிட்டது. இப்போது பஞ்சாயத்து பணத்தில் நர்ஸ் வீடு வீடாக போகிறார். அங்கே இது ஊர் பொறுப்பு. இங்கே இது மருமகள் பொறுப்பு. வித்தியாசம் இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இன்னொரு முறை. ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவர் மறுபடி தன் வேலையை தானே செய்துகொள்ள பழக்குவதற்காக குறுகிய கால உதவி கொடுக்கிறார்கள். தகுதி உள்ளவர்களுக்கு 6 வாரம் வரை கட்டணம் கிடையாது. வருகிற ஆள் சட்டையை மாட்டிவிட மாட்டார். சட்டையை எப்படி மாட்டுவது என்று ஒரு கையாலேயே பழக்கிவிடுவார். சீக்கிரம் பழகிவிட்டால் சீக்கிரமே உதவியும் முடிந்துவிடும்.

அங்கே வீட்டு பராமரிப்பு நிறுவனங்களை சோதிக்க தனி ஆணையம் உண்டு. கேட்பது 5 கேள்விகள். நோயாளி பாதுகாப்பாக இருக்கிறாரா? பலன் கிடைக்கிறதா? அன்பாக நடத்துகிறார்களா? தேவைக்கு தக்கபடி வருகிறார்களா? நிர்வாகம் ஒழுங்கா? அதற்கு மார்க் போட்டு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். அங்கேயும் ஆள் பற்றாக்குறை, காத்திருப்பு எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார்.

ஆய்க்குடியை மறக்கலாமா?

வெளியூரை சொல்லிவிட்டு உள்ளூரை விட்டுவிடக் கூடாது. தென்காசி பக்கத்தில் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்கு போன இடத்தில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு கழுத்துக்கு கீழே செயல் இழந்தவர். 1981-ல் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளி குழந்தைகளுக்காக சங்கத்தை ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு பயிற்சியும் அங்கே நடக்கிறது.

வேலூர் சி.எம்.சி.யில் 1966-ல் மறுவாழ்வு மையம் உருவாக காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீசும் 1954-ல் விபத்தில் சிக்கி கால்கள் செயல் இழந்தவர்தான். வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர் அவர்.

இவர்கள் கதையில் இருந்து தெரிவது என்ன? அடிபட்டதோடு ஒருவர் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. அதற்கு பிறகு கிடைக்கும் பயிற்சியும் துணையும்தான் அவர் கட்டிலோடு போவாரா, எழுந்து உட்கார்ந்து நாலு பேருக்கு வேலை கொடுப்பாரா என்பதை முடிவு செய்கிறது.

காசுக்கு என்ன வழி?

தெரியாமலே பலர் கோட்டை விடும் சில உதவிகள் இருக்கின்றன.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு பக்கவாதத்தால் கை கால் செயல் இழப்பு, முதுகுத்தண்டு பாதிப்பால் கால்கள் செயல் இழப்பு போன்ற நீண்டகால நோய்களுக்கு "நீட்டிக்கப்பட்ட நோய்க்கால பயன்" உண்டு. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், 2 ஆண்டு வரை கிடைக்கும். மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள் இதை கேட்டு வாங்காமல் விட்டுவிடக்கூடாது.

கட்டுமான தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவருக்கு விபத்தில் ஊனம் ஏற்பட்டால் உதவித்தொகை உண்டு. பதிவை புதுப்பிக்காமல் விட்டால் கிடைக்காது.

கடுமையாக பாதிக்கப்பட்டவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆள் வைக்கும் செலவில் அது கால் பங்குகூட வராது என்பது உண்மை. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கு, பார்த்துக் கொள்பவருக்கான படியை பற்றி 2016-ம் ஆண்டு சட்டத்தின் 24-வது பிரிவே பேசுகிறது. சட்டத்தில் இருப்பதை கேட்பது பிச்சை இல்லை, உரிமை.

மூத்த குடிமக்கள் 14567 என்ற எண்ணிலும், மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இரண்டும் இலவசம்.

வீட்டுக்கு வரும் முன் கேளுங்க

ஆஸ்பத்திரியை விட்டு கிளம்பும் முன் வெட்கப்படாமல் இதையெல்லாம் கேட்டு வாங்குங்க.

* எப்படி புரட்டுவது, எப்படி தூக்குவது, எப்படி சாப்பாடு கொடுப்பது என்று நர்சை செய்து காட்டச் சொல்லுங்க. நீங்களும் அவர் முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டுங்க.

* தினமும் செய்ய வேண்டிய பயிற்சியை எழுதி வாங்குங்க. செல்போனில் வீடியோ எடுத்துக் கொள்வது இன்னும் நல்லது.

* டிஸ்சார்ஜ் சீட்டை காப்பி எடுத்து உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் பெயரை சேர்க்கச் சொல்லுங்க.

* வீட்டில் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் வழியை காலி பண்ணுங்க. தரையில் உட்காரும் கழிவறை என்றால் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று தயார் பண்ணுங்க.

* ஆள் வைப்பதாக இருந்தால் ஆதார் நகல், பயிற்சி சான்றிதழ், முன்பு வேலை பார்த்த வீட்டு போன் நம்பர் மூன்றையும் கேளுங்க. என்ன வேலை, எத்தனை மணி நேரம், லீவு எப்போது என்று முதலிலேயே பேசி எழுதிக் கொள்ளுங்க.

* பார்த்துக் கொள்பவருக்கும் ஓய்வு வேணும். வாரத்தில் அரை நாளாவது வேறு ஒருவர் மாற்றிவிடுங்க. பார்ப்பவர் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும்.

அரசு கவனிக்குமா?

இருக்கிற ஆட்களை வைத்தே சிலதை மாற்றலாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த தகவல் ஒன்றிய பிசியோதெரபிஸ்டுக்கு போக வேண்டும். புதிதாக வீடு திரும்பியவருக்கு முதல் 6 வாரம் முன்னுரிமை கொடுத்து வாரம் 3 தடவை போகணும். குடும்பத்துக்கு பழக்கிவிட்டு அடுத்த ஆளுக்கு போகணும். எல்லோரையும் எப்போதாவது ஒரு தடவை பார்ப்பதைவிட, சரியான நேரத்தில் 18 தடவை ஒருவரை பார்த்தால் அவர் பட்டியலில் இருந்தே வெளியே வந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

பெரிய ஒன்றியங்களுக்கு கூடுதலாக ஒரு பிசியோதெரபிஸ்ட் போடணும். ஆள் அனுப்பும் ஏஜென்சிகளை மாவட்ட அளவில் பதிவு செய்யச் சொல்லி, பயிற்சி பெற்ற பெண்களின் பட்டியலை வெளியிடணும். மகளிர் சுயஉதவிக் குழு பெண்களுக்கு இந்த பயிற்சியை கொடுத்தால் அவர்களுக்கும் வேலை, நோயாளிக்கும் நம்பிக்கையான ஆள்.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ரோடு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று மனுக்கள் வருகின்றன. படுத்து கிடப்பவர்கள் மனு எடுத்துக்கொண்டு வர முடியாது. அவர்களை பார்த்துக் கொள்பவர்களாலும் வீட்டை விட்டு வர முடியாது. அதனால்தான் இந்த குரல் அதிகாரிகள் காதுக்கு எட்டவில்லை.

உயிரைக் காப்பாற்ற செலவு செய்யும் அரசு, காப்பாற்றிய உயிர் எழுந்து நடப்பதற்கும் கொஞ்சம் செலவு செய்ய வேண்டும் என்பதே ஏழை குடும்பங்களின் எதிர்பார்ப்பு.